சுழலும்போதே ஸ்கீயைப் பிடிப்பது எப்படி? கிராப் பற்றி நம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

டர்பனிலிருந்தும் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்தும் ஜூலை விடுமுறைக்கு லெசோத்தோ மலையேறும் நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போதெல்லாம் பனியில் ஸ்கீ மாட்டிச் சறுக்கிவிட்டு மட்டும் திரும்புவதில்லை. கிக்கரில், அதாவது தாவுவதற்காகப் பனியில் கட்டிய மேட்டில் ஏறித் தாவுகிறார்கள், காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கீழே நிற்கிறார்கள். அதற்கு அடுத்த படிதான் கிராப். நான் பழக்கும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நேராகத் தாவி நிலையாக இறங்கவும், 360, அதாவது ஒரு முழுச் சுற்று, சுற்றிப் பெரும்பாலும் விழாமல் இறங்கவும் தெரிந்தவர்களுக்கே இது. அது இன்னும் கைகூடாதவர்கள் அதை முதலில் முடித்துவிட்டு வாருங்கள்.

கிராப் என்றால் என்ன? எதைச் சுத்தமான கிராப் என்கிறார்கள்?

காற்றில் இருக்கும்போது, காலில் மாட்டிய சறுக்குப் பலகையான ஸ்கீயைக் கையால் பிடித்து, சிறிது நேரம் விடாமல் வைத்திருப்பதுதான் கிராப். பிடிக்க வேண்டியது ஸ்கீயை. பூட்ஸையோ, அதை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கையோ அல்ல. விரல்கள் விளிம்பைச் சுற்றி மடங்கியிருக்க வேண்டும். விரல் நுனியால் தட்டிவிட்டுக் கையை எடுப்பது கிராப் ஆகாது. பார்க்கிறவர் கண்ணுக்கு 'இவர் பிடித்திருக்கிறார்' என்று தெரியும் அளவுக்குப் பிடி நிற்க வேண்டும். பிடித்திருக்கும் நேரம் முழுவதும் உடல் அடங்கி இருக்க வேண்டும், மற்றக் கை காற்றைத் துழாவக் கூடாது.

எங்கே பிடிக்கிறோம், எந்தக் கையால் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். வலக்கையால் வலது ஸ்கீயின் வெளி விளிம்பைக் காலடியில் பிடித்தால் சேஃப்டி. வலக்கை உடலுக்குக் குறுக்கே போய் இடது ஸ்கீயின் வெளி விளிம்பைப் பூட்ஸுக்குச் சற்று முன்னால் பிடித்தால் மியூட். அதே எதிர்க்கை பூட்ஸுக்குப் பின்னால் பிடித்து, முழங்கால் மடங்கி, ஸ்கீ பின்புறம் தூக்கி நின்றால் ஜப்பான். வாலைப் பிடித்தால் டெயில், முன்முனையைப் பிடித்தால் நோஸ். இரண்டு கையாலும் இரண்டு முன்முனைகளையும் பிடிப்பது டிரக் டிரைவர். இன்னும் எத்தனையோ இருக்கின்றன. தொடங்குகிறவருக்கு முதல் இரண்டு போதும்.

360 சுற்றுவதே பெரிய விஷயம்தானே. கிராப் எதற்கு?

அழகுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கிராப் பிடிக்க முழங்கால் மேலே வர வேண்டும். முழங்கால் மேலே வந்தால் உடல் அடக்கமாகிறது. அடக்கமான உடல் காற்றில் தள்ளாடாது. சும்மா 360 சுற்றும் பிள்ளைகளைப் பாருங்கள்: கை இரண்டும் திசைக்கொன்றாகப் பறக்கும், கால் ஒன்று தொங்கும். அதே பிள்ளை கிராப்பைச் சரியாகக் கற்ற பிறகு சுற்றும் 360, இறக்கத்திலும் நிதானமாக இருக்கும்.

போட்டியிலும் அதற்கு மதிப்புண்டு. தடைகளும் தாவல்களும் வரிசையாக வரும் ஸ்லோப்ஸ்டைல் 2014 சோச்சி ஒலிம்பிக்கிலும், ஒரே பெரிய தாவலான பிக் ஏர் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் ஃப்ரீஸ்டைல் ஸ்கீயில் சேர்ந்தன. நடுவர்கள் எத்தனை டிகிரி என்று மட்டும் எண்ணுவதில்லை. கடினம், உயரம், செய்நேர்த்தி, வித்தியாசம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். கிராப் இல்லாத சுற்று, நழுவிய கிராப், பூட்ஸைப் பிடித்த கிராப் எல்லாம் செய்நேர்த்தியில் அடி வாங்கும். என் தனிப்பட்ட கணக்கில், முக்கால் சுற்றுவரை பிடித்து நிற்கும் மியூட்டோடு ஒரு 360, கைகால் உதறி இரண்டு முறை சுற்றும் 720ஐவிட ஒரு படி மேல்.

360 நன்றாக வருகிறது. ஆனால் கிராப் எடுக்கப் போனால் பக்கவாட்டில் விழுகிறேன். ஏன்?

இதைக் கேட்காத பிள்ளையே இல்லை. காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: நீங்கள் குனிந்து பிடிக்கிறீர்கள்.

ஸ்கீ கீழே இருக்கிறது, கை மேலே இருக்கிறது. தரையில் கிடக்கும் பொருளை எடுக்கப் போகும் அதே பழக்கத்தில், முதுகு வளைந்து கை கீழே போகிறது. ஒரு தோள் இறங்குகிறது. நேராக நின்று சுழல வேண்டிய உடல் சாய்கிறது. சுழலும் அச்சும் கூடவே சாய்கிறது. அப்புறம் இறங்கும்போது கால் கீழே இருக்காது, இடுப்புத்தான் பனியில் படும். தைப்பூசத்தில் காவடி எடுத்து ஆடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள்: எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் முதுகு நிமிர்ந்தே இருக்கும், வேலை முழுவதும் காலில் நடக்கும். இங்கேயும் அதுதான். கை ஸ்கீயைத் தேடிப் போகக் கூடாது. முழங்கால் நெஞ்சை நோக்கி ஏற வேண்டும், ஸ்கீ கைக்கு வந்து சேர வேண்டும்.

இன்னொரு காரணம் அவசரம். கிக்கரின் நுனியை விட்டுக் கால் கிளம்புவதற்கு முன்பே கை கீழே போய்விடுகிறது. அப்படிச் செய்தால் மேலே எழும்பும் உந்தல் பாதியாகிவிடும், சுழற்சியும் கோணலாகத் தொடங்கும். கிராப்பின் தலைவிதி தாவும் இடத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்று பிள்ளைகளிடம் சொல்வேன். ஸ்கீ இரண்டும் பனியில் தட்டையாகப் படிந்து நேராகப் போகட்டும். நுனிக்கு வரும்போது மடித்த காலை நீட்டி நிமிர்ந்து எழும்புங்கள். அந்தக் கணத்தில் தோளும் தலையும் சுற்றும் பக்கம் திரும்பும். கால் காற்றில் முழுவதும் வந்த பிறகுதான் முழங்கால் மேலே, அப்புறம்தான் கை. எழும்பு, திரும்பு, மடக்கு, பிடி. சின்னக் கிக்கரில் காற்றில் இருப்பது ஒரு வினாடிக்கும் குறைவு. ஆனாலும் இந்த நாலும் இதே வரிசையில் வந்தால் நேரம் போதும். வரிசை மாறினால் பெரிய கிக்கரிலும் போதாது.

எந்த கிராப்பில் தொடங்கட்டும்?

நேராகத் தாவும்போது சேஃப்டிதான் எளிது, எல்லோருக்கும். கை தன் பக்கத்து ஸ்கீக்கே போகிறது, உடல் முறுக்கிக்கொள்வதில்லை.

சுற்றும்போது கதை கொஞ்சம் மாறும். இடப்பக்கம் சுற்றுகிறவருக்கு வலக்கை ஏற்கெனவே உடலுக்குக் குறுக்கே வீசப்பட்டிருக்கும். அது இடது ஸ்கீக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆகவே வலக்கை மியூட் பலருக்கு இயல்பாக வரும். வலப்பக்கம் சுற்றுகிறவர்கள் இதை அப்படியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். சுற்றும் பக்கத்துக் கையாலேயே பிடிப்பதற்கு லீட் என்று முன்னொட்டுச் சேர்ப்பார்கள், லீட் மியூட் என்பதுபோல. அது பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

சேஃப்டியா மியூட்டா என்று முடிவாகவில்லையா? நேர்த் தாவலில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். எதை அதிக நேரம் பிடித்திருக்க முடிகிறதோ அதையே 360க்குக் கொண்டுபோங்கள்.

பழகும் வரிசையைச் சொல்லுங்கள் அண்ணா.

முதலில் பனியில் நின்ற இடத்திலேயே. ஸ்கீயை மாட்டிக்கொண்டு, சமமான இடத்தில் குதித்து முழங்காலை மடக்கி விளிம்பைத் தொடுங்கள். குதித்துத் தொட முடியாத இடத்தைக் காற்றில் சுழன்றுகொண்டு தொட முடியாது.

அடுத்து மிகச் சிறிய கிக்கரில், சுற்றாமல், நேராகத் தாவி அதே கிராப். இங்கேதான் நீண்ட நாள் இருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் இந்தப் படியில் சலித்துப் போய் ஓடிவிடுகிறார்கள், அதனால்தான் பிற்பாடு தடுமாறுகிறார்கள். ஒருமுறை பிடித்துவிட்டதால் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாவலின் உச்சியில் பிடி இறுகி இருக்க வேண்டும், நிமிர்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஸ்கீயைக் குனிந்து பார்க்காமலே கை அந்த இடத்துக்குப் போக வேண்டும். கண் கீழே போகாத நாள் வந்தால்தான் அடுத்த படி.

பிறகு 180, அதாவது அரைச் சுற்று, கிராப்போடு. இதில் பின்னோக்கி இறங்குவீர்கள், ஆகவே பின்னோக்கிச் சறுக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் இந்தப் படியைத் தாண்டி நேரே 360க்குப் போகலாம், குற்றமில்லை.

360ல் முதல் சில தாவல்களுக்குப் பிடிக்கவே வேண்டாம். முழங்காலை மட்டும் மேலே கொண்டுவந்து, கையை அந்த விளிம்புக்கு அருகே வைத்து, மடக்கிய நிலையிலேயே சுற்றுங்கள். இது பிடிபட்டால் கிராப் தானாகக் கையில் வந்து உட்காரும். அதற்குப் பிறகு பிடியுங்கள். கால்வாசிச் சுற்றிலேயே பிடி விழ வேண்டும், முக்கால் சுற்றுவரை நிற்க வேண்டும்.

கிராப் எடுத்தால் சுற்று வேகமாகி 360ஐத் தாண்டிப் போகிறதே?

போகும். அலுவலகச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை விரித்து, ஒரு சுற்று விடுங்கள். சுழலும்போதே கையையும் காலையும் உடலோடு இழுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி சட்டென்று வேகமெடுக்கும். மறுபடி விரித்தால் மெதுவாகும். காற்றில் உங்களுக்குச் சுழலும் உந்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ பிடிமானம் எதுவும் இல்லை. கிக்கரில் எவ்வளவு கொண்டுவந்தீர்களோ அவ்வளவுதான். உடலை மடக்கினால் அதே உந்தம் வேகமான சுற்றாகத் தெரியும், நீட்டினால் மெதுவான சுற்றாகத் தெரியும்.

இதிலிருந்து இரண்டு வேலை. கிராப்போடு சுற்றும்போது தோளை வழக்கத்தைவிட மெதுவாக வீசுங்கள். கிராப் இல்லாத 360க்குக் கொடுத்த வீச்சு இங்கே அதிகம். முக்கால் சுற்றில் பிடியை விட்டுக் காலை நீட்டுங்கள், அதுவே பிரேக்.

எப்போது விட வேண்டும்?

இறங்கும் இடம் கண்ணில் படும்போது. சுற்றும் பக்கத்துத் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தால் முக்கால் சுற்றில் தெரியும். பனி தெரிந்ததும் விடுங்கள், காலை நீட்டுங்கள், முழங்கால் மடிந்து அடியை வாங்கட்டும்.

பயத்தில் அதற்கு முன்பே விடுவதுதான் தொடக்கத்தில் நடக்கும். பரவாயில்லை. ஒவ்வொரு தாவலிலும் ஒரு கணம் கூடுதலாகப் பிடிக்கப் பாருங்கள். நேர்மாறாக, இறங்கும்வரை விடாமல் பிடித்திருப்பது வீரமல்ல, தோள்பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் ஆபத்து.

டர்பனில் பனியே கிடையாது. வருடம் முழுக்க என்ன செய்வது?

நிறையச் செய்யலாம். உண்மையில் கிராப்பில் பாதி வேலை பனி இல்லாமலே நடக்கக்கூடியது.

முதலாவது, இடுப்பு. ஸ்கீ பூட்ஸுக்குள் கணுக்கால் அதிகம் மடியாது. ஆகவே முழங்காலும் இடுப்பும்தான் மடங்க வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்காரவும், குத்தவைத்து உட்காரவும் பழகிய உடம்புக்கு இது பெரிய வரம். நம் தாத்தா பாட்டிகள் சாதாரணமாகக் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். நாற்காலியிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு இடுப்பு இறுகிப் போயிருக்கிறது. தினமும் சற்று நேரம் குத்தவைத்து உட்காருங்கள், தொடையின் பின்தசையை நீட்டுங்கள். அடுத்த ஜூலையில் வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது, டிராம்போலின். நேராகக் குதித்து முழங்காலை மடக்கி, பாதத்தின் வெளிப்பக்கத்தைப் பிடியுங்கள். முதலில் அதே பக்கத்துக் கை, பிறகு எதிர்க்கை. நிமிர்ந்த முதுகு, முன்னால் பார்க்கும் கண். இது வந்த பிறகு 180, 360. டிராம்போலினில் சுற்றும்போது நடுவிலேயே இறங்குகிறீர்களா என்று பாருங்கள். ஓரத்துக்குப் போனால் சாய்ந்து எழும்புகிறீர்கள் என்று அர்த்தம். தலைகீழ்ச் சாகசங்களை யாரும் இல்லாதபோது செய்யாதீர்கள்.

மூன்றாவது, இன்லைன் ஸ்கேட். கடற்கரை நடைபாதையில் ஓட்டிப் பின்னோக்கிப் போகப் பழகினால் ஸ்விட்ச், அதாவது பின்னோக்கிய இறக்கம் எளிதாகும்.

கையில் கோல் இருக்கும்போது எப்படிப் பிடிப்பது?

கற்கும்போது கோல் வேண்டாம். கிக்கர்கள் கட்டிய ஸ்கீ பார்க்கில் கோல் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் நிறைய. பிறகு கோலோடு பிடிக்க வேண்டுமென்றால், கோலின் பட்டைக்குள் கையை நுழைக்காதீர்கள். கோலைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் தளர்வாக வைத்து, மீதி மூன்று விரல்களால் விளிம்பைப் பிடியுங்கள்.

ஸ்கீ, பூட்ஸ், கையுறை?

இரு முனையும் வளைந்த ட்வின் டிப் ஸ்கீ வேண்டும், இல்லாவிட்டால் பின்னோக்கி இறங்க முடியாது. 1990களின் இறுதியில் மைக் டக்ளஸ் முதலிய கனடா வீரர்கள் கேட்டதன் பேரில் சாலமன் நிறுவனம் டென்எய்ட்டி என்ற ட்வின் டிப்பைக் கொண்டுவந்த பிறகுதான் இன்று நாம் பார்க்கும் இந்த ஆட்டமே பரவியது. வாடகைக் கடையில் கொடுக்கும் சாதாரண ஸ்கீயில் பின்பக்கம் தட்டையாக இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

மிக விறைப்பான பந்தயப் பூட்ஸ் வேண்டாம். பைண்டிங் விடுபடும் அளவைக் கடையில் உங்கள் எடை, உயரம், பூட்ஸ் அளவு சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், நீங்களாகத் திருகாதீர்கள். விளிம்பு கூர்மையானது, மெல்லிய கம்பளிக் கையுறையைக் கிழித்துவிடும். உள்ளங்கையில் தோல் வைத்த கையுறை போடுங்கள். ஹெல்மெட் இல்லாமல் என் கூட யாரும் கிக்கருக்கு வர முடியாது.

எங்கே போகலாம், எப்போது தாவலாம்?

நமக்குப் பக்கத்தில் இருப்பது லெசோத்தோவின் மலோதி மலையில் உள்ள ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்குத் தளம். 3000 மீட்டருக்கு மேலான உயரம். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஹாரிஸ்மித், அங்கிருந்து ஃபூரிஸ்பர்க், காலடன்ஸ்பூர்ட் எல்லைச் சாவடி, பூத்தா-பூத்தே, அப்புறம் மோதெங் கணவாய். கணவாய் செங்குத்து, காலையில் சாலையில் பனிக்கட்டி படிந்திருக்கும், இருட்டில் ஏறாதீர்கள். வேறு நாடு என்பதால் கடவுச்சீட்டு கட்டாயம். ரேண்ட் அங்கே செல்லும். உங்கள் மருத்துவக் காப்பீடு எல்லைக்கு அப்பாலும் செல்லுமா என்று கிளம்பும் முன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஒரே நாளில் 3000 மீட்டர் ஏறினால் தலை கனக்கும், மூச்சு வாங்கும், தூக்கம் கலையும். முதல் நாள் கிக்கர் வேண்டாம். மெதுவாகச் சறுக்குங்கள், தண்ணீர் குடியுங்கள். ஜோஹன்னஸ்பர்க்காரர்களுக்கு ஓரளவு பழக்கம் இருக்கும், அவ்வளவுதான்.

அங்கே சரிவைப் பெரும்பாலும் இயந்திரப் பனிதான் மூடியிருக்கும். இரவுக் குளிரில் அது இறுகிக் காலையில் கல்லாக இருக்கும். வெயில் ஏறி மேல்பரப்பு இளகும்போது, முன்பகல் கடைசியிலிருந்து பிற்பகல் தொடக்கம் வரை, புது கிராப்பைப் போட்டுப் பார்க்க ஏற்ற நேரம். மாலையில் நிழல் விழுந்ததும் மறுபடி இறுகும்; 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று போய் அடிபடுவது அப்போதுதான். பனி போதாத வாரங்களில் கிக்கர் கட்ட மாட்டார்கள், ஆகவே போகும் முன் விசாரியுங்கள்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இதை அனுமதிக்கலாமா, தம்பி?

அக்கா, ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். மணிக்கட்டு, தோள், முழங்கால் அடிபடக்கூடிய விளையாட்டு இது. ஆனால் வயது தடையல்ல. எஸ்டோனியாவின் கெல்லி சில்டாரு 2016ல் பதின்மூன்று வயதிலேயே எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியின் ஸ்லோப்ஸ்டைலில் தங்கம் வாங்கினார். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சீனாவின் ஐலீன் கூ கடைசித் தாவலில் 1620 சுற்றி, அதாவது நாலரைச் சுற்று, பிக் ஏர் தங்கத்தை எடுத்தபோது அவருக்குப் பதினெட்டு.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. மகள் சின்னக் கிக்கரில் நேராகத் தாவி, நிமிர்ந்து இறங்குகிறாளா? 'முடியாது' என்று தோன்றும்போது கூச்சப்படாமல் ஓரமாக நின்றுவிடுகிறாளா? களைத்துப் போனால் சொல்கிறாளா? மூன்றுக்கும் ஆம் என்றால் விடுங்கள். அண்ணன்மார் கேலி செய்கிறார்களே என்பதற்காகத் தாவுகிறாள் என்றால் அன்றைக்கு வேண்டாம், அண்ணன்மாரைக் கூப்பிட்டுக் கண்டியுங்கள்.

360 மியூட் வந்துவிட்டது. அடுத்து ஒன்றரைச் சுற்றான 540ஆ?

அவசரம் வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் அதே 360ல் சேஃப்டியும் போட்டுப் பாருங்கள். பிறகு உங்களுக்கு வராத பக்கம் சுற்றுங்கள். எல்லோருக்கும் ஒரு பக்கம் இனிக்கும், மறுபக்கம் கசக்கும். இப்போதே பழகாவிட்டால் பின்னால் பழக மனம் வராது. போட்டியில் இரு பக்கமும் சுற்றத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

பிடித்தபின் ஒரு காலை நீட்டி, மற்றதை மடக்கி, பிடியை அழுத்திக் காட்டுவதை ட்வீக் என்பார்கள். ஒரே கிராப் ஒவ்வொருவர் கையில் ஒவ்வொரு மாதிரி இருப்பது அதனால்தான். அதற்கும் நேரம் கொடுங்கள். இவ்வளவும் ஆன பிறகு 540. அது பின்னோக்கி இறங்கும், கொஞ்சம் பெரிய கிக்கர் கேட்கும்.

பயிற்சியாளர் கூட இல்லாத நாளில் என் தவறை எப்படிக் கண்டுபிடிப்பது?

போன் போதும். நண்பரைக் கிக்கருக்குப் பக்கவாட்டில், தாவுகிறவர் பாதையிலிருந்து விலகி நிற்கச் சொல்லி, ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். பார்க்கும்போது இறக்கத்தைப் பார்க்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். கிக்கர் நுனியில் நிறுத்துங்கள். கால் நீண்டிருக்கிறதா, தோள் இரண்டும் சம உயரத்தில் இருக்கின்றனவா, கை இன்னும் இடுப்புக்கு மேலே இருக்கிறதா? பிறகு பிடி விழும் இடத்தில் நிறுத்துங்கள். முழங்கால் நெஞ்சருகே இருக்கிறதா, அல்லது நெஞ்சு முழங்காலுக்கு இறங்கியிருக்கிறதா? விரல் விளிம்பில் மடங்கியிருக்கிறதா, பூட்ஸின் பக்கிளில் இருக்கிறதா? பிடி விடுபடும் இடத்தில் மூன்றாவது முறை நிறுத்தி, முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள்.

ஒரு தாவலில் ஒரு தவறை மட்டும் திருத்துங்கள். எப்போதும் கிக்கர் நுனியில் தெரிந்த தவறிலிருந்து தொடங்குங்கள். அது சரியானால் மற்றவற்றில் பாதி தாமே போய்விடும்.